ஆறாம் வாய்க்காலுக்கு வந்த சைலீசியா

வீரகத்தியின் நெல் குடலைப் பருவத்தில் நின்றபோது ஆறாம் வாய்க்காலில் ஓணான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடவேண்டிய இடம் அது. கதிர் வெளியே தலைகாட்டுமுன் பயிரின் வயிற்றுக்குள் சுருண்டிருக்கிற காலத்தைத்தான் குடலை என்பது. பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்டாலும் குடலைப் பயிரைப் பட்டினி போடக்கூடாது என்பது வீரகத்தியின் மனைவி நாகேஸ்வரியின் கட்சி. மூன்று பெற்றவள் என்றபடியால் அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

ஆலடிவிளாங்குளம் குடியேற்றத் திட்டத்தில் ஆறு வாய்க்கால்கள். குளத்துத் துருசைத் திறந்ததும் வெளியே வரும் தண்ணீர் முதலாம் வாய்க்காலில் விருந்துண்டு, அடுத்த மூன்றிலும் பலகாரம் தின்று, ஐந்தாம் வாய்க்காலில் வாய் கொப்பளித்துவிட்டு அங்கேயே படுத்துவிடும். ஆறாம் வாய்க்காலுக்கு, தண்ணீர் புறப்பட்டுவிட்டது என்ற செய்தி மட்டும் வந்துசேரும். அந்த ஆறாம் வாய்க்காலிலும் கடைசித் துண்டுக் காணி வீரகத்தியுடையது. அதற்கப்பால் காடு. யானைகளுக்குத் தண்ணீர் தருவதாக அரசாங்கம் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகையால் அவை நிம்மதியாக இருந்தன.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் அம்மனிடம் முறையிட்டும் வாய்க்கால் நனையாதபடியால் வீரகத்தி அடுத்த தெய்வத்திடம் போனார். அது காணி அலுவலகமான கந்தோரில் இருந்தது.

குடியேற்ற அதிகாரி பரநிருபசிங்கம் கொழும்பிலிருந்து வந்தவர். சர்வகலாசாலையில் மத்தியகால ஐரோப்பிய சரித்திரம் படித்து முதலாம் வகுப்பில் தேறியவர். சைலீசியா என்ற தேசத்தை ஆண்ட மூன்றாம் புரூனோ கோமகனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை வாசித்துப் பரீட்சகர்கள் அசந்துபோனார்களாம். அவர்களைப் பார்த்துத் தானும் அசந்துபோன அரசாங்கம், இத்தனை அறிவுள்ள மனிதரை நெல் விளையும் இடத்துக்கு அனுப்பாமல் வேறு எங்கே அனுப்புவது என்று யோசித்து, வன்னிக்கு அனுப்பிவைத்தது. வந்த முதல் வாரத்தில் அவர் கோழிச்சூடன் மண்டிக்கிடந்த ஒரு வயலைப் பார்த்து, செழிப்பான பயிர் என்று பாராட்டினார். கோழிச்சூடன் களை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வயல்காரனுக்கு விவசாய வாரத்தில் மண்வெட்டி பரிசாகக் கிடைத்தது.

"ஐயா, தண்ணி வரேல்லை. பயிர் குடலையிலை நிக்குது. இன்னும் ஒரு கிழமை இப்பிடிப் போனா வைக்கல்தான் மிஞ்சும்" என்றார் வீரகத்தி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வீரகத்தி, உமது முறைப்பாட்டை நான் மிகுந்த ஈடுபாட்டுடன் செவிமடுத்தேன். இதே நெருக்கடி சைலீசியாவிலும் இருந்தது."

"அது எந்தப் பக்கம் ஐயா? புளியங்குளத்துக்கு அங்காலையோ?"

"போலந்துக்கும் பொகேமியாவுக்கும் இடையில். இரண்டு பெரிய இராச்சியங்களுக்கு நடுவில் நசுங்கிக்கிடந்த சிறிய தேசம். அதைப் புரூனோ எப்படிக் காப்பாற்றினார் தெரியுமா?"

வீரகத்திக்குத் தெரியவில்லை. ஆனால் நடுவில் நசுங்கிக்கிடப்பது என்றால் என்னவென்று தெரியும். ஐந்தாம் வாய்க்காலுக்கும் யானைகளுக்கும் நடுவில் அவர் நாலு வருஷமாகக் கிடக்கிறார். ஐயாவுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது என்று நம்பி, கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த நம்பிக்கைக்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அவரே பொறுப்பு என்று நாகேஸ்வரி இன்றைக்கும் சொல்லுவாள்.

தண்ணீர் முறையை மாற்றுவதானால் கூட்டம் கூட்டவேண்டும். கூட்டம் கூட்டினால் தலைமையுரை இருக்கவேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் வயல் செய்யும் கமக்காரர்கள் வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். கரும்பலகையில் சைலீசியாவின் படம் கலர் சோக்கட்டியால் கீறியிருந்தது. குளத்தின் படம் கீற இடம் போதவில்லை.

"மூன்றாம் புரூனோவுக்கு மூன்று ஆண்மக்கள், ஒரு மகள்" என்று தொடங்கினார் அதிகாரி. "தேசத்தை மூன்று மக்களுக்கும் பங்கிட்டார். அவர்கள் தத்தம் மக்களுக்குப் பங்கிட்டார்கள். முடிவில் ஒவ்வொரு பேரனுக்கும் எஞ்சியது ஒரு கோட்டையும் ஒரு கோழிக்கூடும்! இதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?"

பின்வாங்கிலிருந்து ஒரு கிழவர் எழும்பினார். "மீசாலையிலை எங்கடை அப்புவும் அப்பிடித்தான் ஐயா. ரண்டு பரப்புக் காணியை ஏழு பேருக்குப் பிரிச்சவர். கிணத்திலை எனக்குப் பங்கு, துலாவிலை இல்லை. அதுதான் இங்கை காடு வெட்ட வந்தனாங்கள்."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. உதாரணம் சைலீசியாவில் இருந்து வரவேண்டுமே தவிர மீசாலையில் இருந்து வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அவர் மேலே போனார். புரூனோ முதலில் போலந்துடன் கூட்டு, பிறகு பொகேமியாவுடன் கூட்டு, மைத்துனன் ஆபத்தில் உதவி கேட்டபோது உதவி செய்து அதற்குக் கூலியாக மைத்துனனின் இரண்டு பட்டினங்களை எடுத்துக்கொண்டார் என்றெல்லாம் விவரித்தபோது வீரகத்திக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவியோடு வயலின் நினைவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

"பிறகு பொகேமியாவுடன் மூண்ட போரைப் புரூனோ வாளால் வென்றாரா? இல்லை. மகளைப் பொகேமிய அரசனின் மகனுக்குக் கொடுத்தார். மறுநாளே எல்லையில் அமைதி! இந்தக் குளத்திலும் பொகேமியா இருக்கிறது. அது முதலாம் வாய்க்கால். யோகலிங்கம், எழும்பும். உமக்கு ஒரு மகன் இருக்கிறார். வீரகத்தி, உமக்கு ஒரு மகள் இருக்கிறார். இனி நான் என்ன சொல்ல?"

அவர் இனி ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் உத்தியோகத்தில் இருப்பவருக்கு அது கஷ்டம்.

யோகலிங்கம் முதலாம் வாய்க்காலின் முதல் காணிக்காரர். தண்ணீருக்கு அவரிடம் அனுமதி கேட்டுத்தான் பழக்கம். அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். "ஐயா சொன்னாச் சரி. ஆனா சாதகம் பாக்கவேணும். சீதனம் எண்டொண்டு கதைக்கவேணும்."

"சீதனம் தண்ணீர்! அதை நீர் கொடுப்பீர்."

மண்டபம் முழுவதும் யோகலிங்கத்தின் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை வீட்டார் சீதனம் கொடுப்பதா! கந்தபுராணத்தில்கூட இல்லாத சங்கதி. யோகலிங்கத்தின் முகம் கறுத்தது. உடனே அதிகாரி, முதலாம் வாய்க்கால் கரையில் அரசாங்கத்துக்கு ஒதுக்கிய நிலத்தில் யாரோ வாழை நட்டிருப்பதாகவும், புரூனோ என்றால் அப்படிப்பட்ட நிலத்தை உடனே பறித்துவிடுவார் என்றும் பொதுவாகச் சொல்லிவைத்தார். வாழை யோகலிங்கத்துடையது. சாதகம் அன்று பின்னேரமே பொருந்திவிட்டது.

வீட்டில் நாகேஸ்வரிதான் கத்தினாள். "தண்ணிக்குப் பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கிற ஆள் நீங்கள்தான்!"

"சும்மா இரப்பா. சீதனம் இல்லாமல் ஆர் வந்து கேக்கப்போறான்? பெடியனும் நல்ல பெடியன். சங்கத்து ட்ரக்டர் ஓடுறான்" என்றார் வீரகத்தி.

மகள் பத்மாசனி சமையல் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஐயா, அந்தப் புரூனோவின்ரை பெட்டையிட்டை ஆரும் கேட்டவையோ?"

வீரகத்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் அவருக்கு வயல் இருந்தது.

துருசடியில் ஒப்பந்த விழா நடந்தது. பிள்ளையாருக்குப் பொங்கல், அதிகாரிக்கு மாலை, துருசைப் பார்க்கும் ஓவசியருக்கு எலுமிச்சம்பழம். கலியாணத்தை நெல் வெட்டி முடிய வைப்பதென்று தீர்ந்தபின், கந்தோர்க் கிளாக்கர் ஒப்பந்தத்தை வாசித்தார். இரு குடும்பங்களின் கூட்டு நிலைத்திருக்கும் காலம் முழுவதும் ஆறாம் வாய்க்காலின் கதவு திறந்தே இருக்கும் என்பது அதன் சாரம். முதலாம் வாய்க்கால்காரர் எவரும் களவாக மூடாமல் இருக்க, திறந்த கதவைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி, அதன் சாவியான திறப்பை அதிகாரி தமது காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு கதவைத் திறந்த நிலையில் பூட்டியதை ஆலடிவிளாங்குளம் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் வந்தது. வீரகத்தி வரம்பில் நின்று அதைப் பார்த்தார். வெடித்த நிலத்துக்குள் அது குமிழிவிட்டு இறங்கிய சத்தத்தைக் கேட்டு அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. புரூனோ நல்லாயிருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். எழுநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன மனிதருக்கு அதைவிட என்ன வாழ்த்து வேண்டும்?

தவராசா, அதுதான் யோகலிங்கத்தின் மகன், ஒப்பந்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் பின்னேரங்களில் சைக்கிளில் வரத் தொடங்கினான். வாய்க்காலைப் பார்க்கவேண்டியவன் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாகேஸ்வரி கவனித்தாள். கிணற்றடியில் பத்மாசனிக்கு வேலை கூடியிருப்பதையும் கவனித்தாள். ஒருநாள் அவன் நெடுங்கேணிச் சந்தையில் வாங்கிய மாம்பழம் கொண்டுவந்து, வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். நாகேஸ்வரி அதற்குப் பிறகு கத்தவில்லை.

கதிர் வெளிவந்தது, பால் பிடித்தது, மணி முற்றியது. அருவி வெட்டு, அதாவது அறுவடைக் காலம் நெருங்கியது. முற்றிய நெல்லுக்குத் தண்ணீர் கூடாது. தாள் சாய்ந்தால் மணி சேற்றில் கிடந்து முளைத்துவிடும். ஆறாம் வாய்க்கால்காரர் எல்லாரும் வயலுக்குள் தண்ணீர் விடும் தங்கள் தங்கள் வக்கடையை அடைத்தார்கள். அடைத்த தண்ணீர் எங்கே போகும்? வாய்க்கால் முடிகிற கடைசிக் காணிக்குப் போகும். கழிவு வாய்க்கால் வெட்ட மூன்று வருஷத்துக்கு முன்பே அனுமதி வந்திருந்தது, மண்வெட்டிதான் வரவில்லை. வீரகத்தியின் பொன்னிற வயலில் தண்ணீர் முழங்காலளவு நின்றது.

அவர் கந்தோருக்கு ஓடினார். "ஐயா, கதவை மூடுங்கோ. நெல் பழுத்திட்டுது. தாள் சரியப் பாக்குது."

"மூடுவதா?" அதிகாரி திடுக்கிட்டார். "கூட்டு நிலைத்திருக்கும்போது நீரை நிறுத்தினால் அது ஒப்பந்த மீறல். பொகேமியா நம் மீது வைத்திருக்கும் நம்பிக்கை என்னாவது?"

"பொகேமியாதான் ஐயா என்னோடை வந்து வெளியிலை நிக்குது. யோகலிங்கத்தாருக்கும் மூடினாச் சம்மதம்."

"அவர் சம்மதிக்கலாம். ஒப்பந்தம் சம்மதிக்கவில்லை. தனிமனிதர்களின் சவுகரியத்துக்காக நாம் ஆட்சி செய்யவில்லை, வீரகத்தி. ஒப்பந்தங்களின் சவுகரியத்துக்காகச் செய்கிறோம்."

வீரகத்தி மேசைக்குக் கிட்டே வந்தார். பிறகு இத்தனை நாளும் கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டார். "ஐயா, அந்தப் புரூனோ துரை தண்ணியை எப்பிடி மாறி மாறிப் பங்கிட்டவர்?"

"தண்ணீரா?" அதிகாரிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அங்கே ஏன் தண்ணீர் பங்கிடவேண்டும்? வருஷம் முழுவதும் மழை பெய்யும். போதாததற்குப் பனியும் பெய்யும்."

கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு மேசையில் இல்லாத ஒன்றைத் தேடினார். வீரகத்திக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க நேரமில்லை. "அப்ப இந்தக் கதவை மூடவைக்க வழியே இல்லையோ ஐயா?"

"ஏன் இல்லை? போர் மூண்டால் கூட்டு முறியும். கூட்டு முறிந்தால் ஒப்பந்தம் செத்துவிடும். ஆனால் போர் என் கண்முன் நடக்கவேண்டும். கேள்விப்பட்ட போரைச் சரித்திரம் ஏற்றுக்கொள்ளாது."

சம்பந்திமார் இருவரும் மதகில் இருந்து யோசித்தார்கள். யோகலிங்கம் சுருட்டை அணைத்தார். "ஒரு சண்டையைப் பிடிப்பம். அவர் திறப்பைத் தரட்டும். நெல்லை வெட்டி முடிய, பிள்ளையளின்ரை கலியாணத்தை நாங்களே நடத்துவம். எங்களுக்குத் துரை என்னத்துக்கு?"

"மாடு, வேலி. இந்த ரண்டோடையும் நிப்பாட்டவேணும்" என்றார் வீரகத்தி.

"ஓம் ஓம். வேறை கதை வேண்டாம்."

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த இருவர் வேலிச் சண்டையைப் பாதியில் நிறுத்தலாம் என்று நம்பியதுதான் இந்தக் கதையில் நடந்த மிகப் பெரிய பிழை. அதிகாரியின் பிழைகளை எல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

அடுத்தநாள் காலை துருசடியில் அதிகாரி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கிளாக்கர் குடை பிடித்தார். ஊர் திரண்டு வந்தது. தவராசாவும் பத்மாசனியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இரகசியமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

"உன்ரை மாடு என்ரை வரம்பை மிதிச்சுப்போட்டுது" என்று வீரகத்தி தொடங்கினார்.

"நீ வேலியைக் கட்டினா ஏன் மாடு வருது?"

"உன்ரை மாட்டுக்கு ஊர் முழுக்க வேலி கட்டேலுமோ?"

அதிகாரி கையை உயர்த்தினார். "போதாது. இது முறைப்பாடு, போர் அல்ல. சைலீசியாவில் ஒருவனின் வம்சத்தை இகழ்ந்தபோதுதான் வாளை உருவினார்கள். வம்சத்துக்கு வாருங்கள்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீரகத்தியின் கண்ணுக்குள் வயல் நின்றது, சாய்ந்துகொண்டிருக்கிற தாள் நின்றது. இன்றைக்குக் கதவு மூடாவிட்டால் நாளைக்கு வெட்ட ஒன்றும் இராது.

"உன்ரை வம்சத்தை எனக்குத் தெரியாதோ? உன்ரை அக்காவைக் கட்டினவன் ஏன் எட்டாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டவன் எண்டு சாவகச்சேரிக்கே தெரியும்!"

சொல்லி முடித்தபிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே பயமாக இருந்தது. யோகலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவர் மாட்டையும் வேலியையும் மறந்தார்.

"நீ கதைக்கிறியோ? கூடப்பிறந்த அண்ணனைக் கையெழுத்து வைக்கப்பண்ணி ஏமாத்திக் காணியை எழுதுவிச்சுப்போட்டு, ஊரிலை முகம் காட்டேலாமல் ஓடிவந்தனியடா நீ! உன்ரை அண்ணன்ரை செத்தவீட்டுக்குக்கூட உன்னைப் படலைக்குள்ளை விடேல்லையேடா!"

அதற்குமேல் இருவரும் என்ன பேசினார்கள் என்பதை எழுதினால் அச்சகத்தில் ஏற்கமாட்டார்கள். ஆட்கள் பிடித்து விலக்கியபோது யோகலிங்கத்தின் சால்வை வாய்க்காலில் மிதந்தது. பத்மாசனி சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. தவராசா தகப்பனை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். யோகலிங்கம் அவன் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"அற்புதம்!" என்று அதிகாரி எழுந்தார். "நான் நூல்களில் மட்டுமே வாசித்ததைக் கண்ணால் கண்டேன்." பையிலிருந்து திறப்பை எடுத்து ஓவசியரிடம் கொடுத்தார். கதவு இறங்கியது. தண்ணீர் நின்றது.

நெல் தப்பியது. நெல்லை வெட்டிச் சூடடித்த கையோடு வீரகத்தி வெற்றிலையும் பழமும் எடுத்துக்கொண்டு முதலாம் வாய்க்காலுக்குப் போனார். யோகலிங்கம் படலையைத் திறக்கவில்லை.

"அது நடிப்புக்குச் சொன்னது, யோகலிங்கத்தார்."

"நடிப்புக்கு மாட்டைத்தானே பேசினம்? மற்றது உம்மடை மனசுக்குள்ளை கிடந்தது. நான் சொன்னதும் அப்பிடித்தான். இனி என்னெண்டு ஒரு பந்தியிலை இருந்து சாப்பிடுறது? நீர் போம்."

 அண்ணனின் செத்தவீட்டை வீரகத்தியாலும் மறக்க முடியவில்லை. வெற்றிலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த மாதம் தவராசாவை முல்லைத்தீவுப் பக்கம் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

பரநிருபசிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சைலீசிய முறையால் தண்ணீர்த் தகராறு தீர்க்கப்பட்டது பற்றி அவர் அனுப்பிய அறிக்கையை மேலிடம் மெச்சி, வறண்ட பிரதேசத்துக் குளங்கள் முழுவதற்கும் பரப்ப உத்தேசித்திருந்தது. கொழும்புக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்தி, வீரகத்தி வீட்டுக்கு வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லமுடியாது. நன்றி சொல்லத்தான் வந்தார்.

பத்மாசனி முற்றத்தில் சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வீரகத்தி கதிரையைத் துடைத்து வைத்தார். அதிகாரி உட்காரவில்லை.

"பிள்ளை, உம்முடைய பங்கும் அறிக்கையில் இடம்பெற்றிருக்கிறது. கூட்டு உண்டானது, பயிர் பிழைத்தது. கூட்டு முறிந்தது, விளைச்சல் பிழைத்தது. இரண்டுக்கும் நீரே காரணம்."

"என்ரை பேரைப் போட்டனீங்களோ ஐயா?"

அதிகாரி யோசித்தார். "பெயர் தேவைப்படவில்லை. புரூனோவின் மகளுக்கும் ஏடுகளில் பெயர் இல்லை. மகள் என்றுதான் இருக்கிறது."

சுளகு நின்றது. "அவாவுக்கு அந்த மாப்பிளையைப் பிடிச்சதோ?"

"அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை."

"எனக்குப் பிடிச்சது ஐயா. அதையும் எழுதிக்கொண்டு போங்கோ."

பரநிருபசிங்கம் பழக்க தோஷத்தால் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு மூடியை மாட்டி, பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

தகப்பனுக்கும் அந்தச் சங்கதி அன்றுதான் தெரியவந்தது. மகள் தலையை நிமிர்த்தாமல் மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். வீரகத்திக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. விறாந்தையில் மூட்டைகள் முகட்டைத் தொட அடுக்கியிருந்தன. ஆறாம் வாய்க்காலில் அந்த வருஷம் நல்ல விளைச்சல் அவருக்குத்தான். அதை அவர் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.